கலம் தன் பழுதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஏ.எல். உயிரியல் படித்த எல்லாருக்கும் இறைபோசோமைத் தெரியும். கலத்தின் படம் கீறும்போது கடைசியாக வைக்கிற சின்னச் சின்னப் புள்ளிகள். பென்சிலைக் கூராக்கிக்கொண்டு கொப்பியில டொக் டொக் எண்டு குத்தி முடிப்பம். பக்கத்தில் 'தொழில்: புரதத் தொகுப்பு' என்று எழுதினால் சரி. வினாத்தாளிலும் அதற்கு ஒரு புள்ளிதான்.

அந்தப் புள்ளிகளில் ஒன்று பழுதாகிப் போனால் என்ன நடக்கும் என்று எங்களில் யாரும் ரியூசன் வகுப்பில் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டிருந்தாலும் 'அது சிலபஸில இல்லை, தம்பி' என்றுதான் பதில் வந்திருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்களும் இந்தக் கேள்விக்கு வந்து சேர அரை நூற்றாண்டு எடுத்தது. ஏன் அவ்வளவு நாள் எடுத்தது, கடைசியில் என்ன தெரியவந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

புள்ளி இயந்திரமான கதை

1955ஆம் ஆண்டு. நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் நிறுவனத்தில் ஜோர்ஜ் பலாடே என்ற ருமேனியர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழே கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கு பார்த்தாலும் சின்னஞ்சிறு துணிக்கைகள். அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவற்றுக்குப் பெயர்கூட இல்லை. 1958இல்தான் ரிச்சர்ட் ரொபேர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, சொல்வதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று 'இறைபோசோம்' என்ற பெயரை முன்வைத்தார்.

பிறகு வந்த வருடங்களில் அந்தப் புள்ளி ஒரு இயந்திரமாக விரிந்தது. பரம்பரையலகில் உள்ள செய்தி தூது ஆர்.என்.ஏ. ஆகப் பிரதி எடுக்கப்பட்டு வருகிறது. இறைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதம் செய்கிறது. அதற்கு இரண்டு பாகங்கள் உண்டு. சின்னப் பாகம் வாசிக்கும், பெரிய பாகம் கோக்கும்.

பாண் செய்யப் பயன்படும் மதுவத்தில் ஒரு இறைபோசோமுக்குள் 79 புரதங்களும் 4 ஆர்.என்.ஏ. இழைகளும் இருக்கின்றன. ஒரு மதுவக் கலத்துக்குள் ஏறக்குறைய 200,000 இறைபோசோம்கள் இருப்பதாகவும், வேகமாக வளரும்போது அந்தக் கலம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 புதிய இறைபோசோம்களைச் செய்வதாகவும் 1999இல் ஜொனதன் வோர்னர் கணக்குப் போட்டுக் காட்டினார். நீங்கள் இந்தப் பந்தியை வாசித்து முடிப்பதற்குள் ஒரு மதுவக் கலம் ஆயிரம் இறைபோசோம்களையாவது செய்து முடித்திருக்கும்!

2000ஆம் ஆண்டில் இறைபோசோமின் அமைப்பு அணு அணுவாகத் தெரியவந்தது. அதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. அடா யோனத், தோமஸ் ஸ்ரைட்ஸ், மற்றது சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அந்த நேரம் தமிழ்ப் பத்திரிகைகள் அவரைத் தலைப்புச் செய்தியாக்கிக் கொண்டாடின. ஆனால் அவர் என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டால் எங்களில் பலருக்குப் பதில் இல்லை. அதைக் கொஞ்சம் சொல்லவேணும், ஏனெண்டால் இந்தக் கதைக்கு அது தேவை.

சின்னப் பாகத்துக்குள் ஒரு மூலை இருக்கிறது. தூது ஆர்.என்.ஏ.யின் மூன்று எழுத்துக்குச் சரியாகப் பொருந்தும் அமினோ அமிலம்தான் வந்திருக்கிறதா என்று அந்த மூலையில் சரிபார்க்கப்படுகிறது. சரிபார்ப்பவை இறைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.யில் உள்ள ஒரு சில எழுத்துக்கள். அவை எப்படிச் சரிபார்க்கின்றன என்பதை ராமகிருஷ்ணனின் குழு படமாகவே காட்டியது. பெரிய பாகத்திலும் இதே போல ஒரு மூலை உண்டு. அமினோ அமிலங்கள் பிணைக்கப்படும் இடம் அது. அங்கேயும் வேலை செய்வது ஆர்.என்.ஏ.தான்.

அப்படியென்றால், பல ஆயிரம் எழுத்துக்கள் உள்ள ஒரு இயந்திரத்தில் அந்த மூலையில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே போதும். வெளியில் இருந்து பார்த்தால் இயந்திரம் அச்சு அசலாக இருக்கும். ஆனால் வேலை செய்யாது.

உடைப்பதை யார் பார்க்கிறது?

உயிரியலின் வரலாறு பெரும்பாலும் 'எப்படி உண்டாகிறது' என்ற கேள்வியின் வரலாறு. எப்படி அழிகிறது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கும் நெடுங்காலம் பெரிய மதிப்பு இருக்கவில்லை.

அப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர் ருடோல்ப் ஷோன்ஹைமர். ஜெர்மனியில் வேலை செய்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே நைதரசனின் பாரமான சமதானியை அடையாளமாக வைத்த அமினோ அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சாப்பிட்டது எரிந்து வெளியே போய்விடும், உடல் அப்படியே இருக்கும் என்பதுதான் அப்போதிருந்த நம்பிக்கை. நடந்தது வேறு. அடையாளமிட்ட நைதரசனின் பெரும்பகுதி உடலின் புரதங்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. அதாவது பழைய புரதங்கள் உடைந்துகொண்டே இருக்கின்றன, புதியவை அவற்றின் இடத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. உடல் கட்டி முடித்த வீடு இல்லை. ஓயாமல் இடித்துக் கட்டப்படுகிற வீடு. 1941இல் ஷோன்ஹைமர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருடைய விரிவுரைகள் அடுத்த வருடம்தான் நூலாக வெளிவந்தன.

1955இல், பலாடே புள்ளிகளைப் பற்றி எழுதிய அதே வருடத்தில், பெல்ஜியத்தின் கிறிஸ்ரியன் டி டுவ் கலத்துக்குள் இருக்கும் கழிவுப் பையான இலைசோசோமுக்குப் பெயர் வைத்தார். 1974இல் பலாடே, டி டுவ், அல்பேர்ட் க்ளோட் மூவரும் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கட்டுகிற புள்ளியும் உடைக்கிற பையும் ஒரே மேடையில்! ஆனால் அந்தப் பைக்குள் இந்தப் புள்ளி எப்படிப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அதை முதலில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் ஜப்பானின் யொஷினோரி ஓசுமி. 1988இல், தன் 43ஆவது வயதில்தான் அவருக்கென்று ஒரு சிறிய ஆய்வுகூடம் கிடைத்தது. மதுவத்தின் புன்வெற்றிடத்தை அவர் ஆராய எடுத்தார். மற்றவர்கள் அதை வெறும் குப்பைத்தொட்டி என்று கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தார்கள். கூட்டத்தோடு போட்டி போடாமல் யாரும் போகாத பக்கம் போவதுதான் அவருடைய வழக்கம். புன்வெற்றிடத்துக்குள் உடைக்கும் நொதியங்கள் இல்லாத ஒரு மதுவ வகையைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் புன்வெற்றிடம் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் சேர்ந்து துள்ளிக்கொண்டிருந்தன. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், உருண்டைகளுக்குள்ளே இறைபோசோம்கள். பசி வந்த கலம் தன் சொந்த இயந்திரங்களையே விழுங்கிக்கொண்டிருந்தது. 1993இல் இதற்குத் தேவையான 15 பரம்பரையலகுகளை அவரது குழு பிரித்தெடுத்தது. 2016இல் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்கவேணும். ஓசுமியின் மதுவம் விழுங்கியது நல்ல இறைபோசோம்களை. பஞ்சத்தில் வீட்டு நகையை விற்கிற மாதிரி. எங்கட கேள்வி வேறு. பசி இல்லாத நேரத்தில், 200,000 நல்ல இறைபோசோம்களுக்கு நடுவே ஒரு சில பழுதானவை இருந்தால், கலம் அவற்றை மட்டும் எப்படிப் பிரித்து எடுக்கிறது?

மெலிசா மூரின் ஆய்வுகூடம்

2000களின் தொடக்கத்தில் இது ஒரு விசித்திரமான இடைவெளியாக இருந்தது. தூது ஆர்.என்.ஏ.யில் பிழை இருந்தால் கலம் அதைக் கண்டுபிடித்து அழிக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள்கூடக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. அந்தத் தூதை வாசிக்கும் இயந்திரத்திலேயே பிழை இருந்தால்? இறைபோசோமைச் செய்யும்போது கருவுக்குள் சோதனைகள் நடக்கின்றன என்று தெரியும். செய்து முடித்து வெளியே வந்துவிட்டால் அது நெடுநாள் உழைக்கும் உறுதியான பொருள், அதற்குப் பிறகு சோதனை கிடையாது என்ற எண்ணம்தான் பொதுவாக இருந்தது.

அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்.என்.ஏ. ஆய்வாளரான மெலிசா மூரும் அவரது குழுவும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சோதனை லேசானது இல்லை. மதுவத்தில் இறைபோசோம் ஆர்.என்.ஏ.க்கான பரம்பரையலகு ஏறக்குறைய 150 பிரதிகளாக இருக்கிறது. அதில் ஒன்றைக் கெடுத்தால் அது கடலில் கரைத்த உப்புத்தான். அதனால் அவர்கள் வெளியில் இருந்து ஒரு பிரதியை உள்ளே அனுப்பினார்கள். கூட்டத்தில் அடையாளம் காண அதில் ஒரு சின்னக் குறி. கூடவே, வேலை நடக்கிற அந்த மூலையில் ஒரே ஒரு எழுத்து மாற்றம்.

எந்த எழுத்துக்களை மாற்றினார்கள் தெரியுமா? சின்னப் பாகத்தில், ராமகிருஷ்ணன் குழுவின் படங்கள் காட்டிய அதே சரிபார்க்கும் எழுத்துக்கள். பெரிய பாகத்தில், பிணைக்கும் மூலையின் எழுத்துக்கள். அமைப்பைக் காட்டிய படம் இல்லாமல் இந்தக் கேள்வியை இவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்க முடியாது. ஒருவரின் விடை இன்னொருவரின் கேள்விக்குக் கருவியாகிறது. விஞ்ஞானம் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது.

2006இல் முடிவு வெளியானது. கெட்ட ஆர்.என்.ஏ.யும் நல்லதைப் போலவே செய்யப்பட்டது. ஒழுங்காக வெட்டிச் சீராக்கப்பட்டது. புரதங்கள் வந்து சேர்ந்து முழு இறைபோசோமாகவும் ஆனது. அதற்குப் பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. நல்லவை நிலைத்து நின்றன, கெட்டவை குறைந்துகொண்டே போயின. செய்து முடித்த பிறகும் கலம் சோதிக்கிறது! மூரின் குழு இதற்கு 'வேலை செய்யாத இறைபோசோம் ஆர்.என்.ஏ. சிதைவு' என்று பெயர் வைத்தது.

றோட்டா, பஸ்ஸா?

சரி, எப்படிச் சோதிக்கிறது? ஒவ்வொரு இறைபோசோமையும் நிறுத்தி, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கும் ஒரு பரிசோதகர் கலத்துக்குள் இல்லை. இரண்டு இலட்சம் இயந்திரங்களுக்கு அது நடைமுறையில் ஆகாத காரியம்.

2009இல் மூரின் குழு (அப்போது அவர் மசசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு மாறியிருந்தார்) இதில் ஒரு நுனியைப் பிடித்தது. புரதம் செய்யும் வேலையை மருந்து கொடுத்து நிறுத்தினால், சின்னப் பாகத்தில் பழுதுள்ளவற்றின் சிதைவும் நின்றுவிட்டது. அதாவது, வேலை நடந்தால்தான் பழுது பிடிபடுகிறது. கெட்ட இறைபோசோம் தூது ஆர்.என்.ஏ.யில் ஏறுகிறது, வாசிக்க முடியாமல் சிக்கி நிற்கிறது. அந்தச் சிக்கல்தான் அடையாளம். கலம் இயந்திரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை, அது செய்யப்போன வேலை நின்றுபோனதைப் பார்த்துத்தான் ஓடிவருகிறது.

இன்னொன்றும் தெரியவந்தது. தூது ஆர்.என்.ஏ. பழுதாகி, அதில் நல்ல இறைபோசோம் சிக்கினால் மீட்க வருகிற டொம்34, ஹெச்பிஎஸ்1 என்ற இரண்டு புரதங்கள் இங்கேயும் வந்து நின்றன. பஸ் ஒன்று நடுறோட்டில் நிற்கிறது என்று வையுங்கள். றோட் உடைந்து நிற்கிறதா, பஸ் உடைந்து நிற்கிறதா என்று முதலில் யாரும் பார்ப்பதில்லை. நிற்கிற பஸ்ஸை ஓரங்கட்டுவதுதான் முதல் வேலை.

ஆனால் பிறகு பிரித்துப் பார்க்கத்தானே வேணும்? இல்லாவிட்டால் நல்ல பஸ்ஸையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம். இந்த இடத்தில்தான் ஜப்பானியக் குழுக்களின் பங்கு பெரியது. பெரிய பாகத்தில் பழுது இருந்தால் அதற்கு வேறு பாதை, வேறு நொதியங்கள் என்று 2009இல் கியோட்டோவில் ஒரு குழு காட்டியது. கழிக்கவேண்டிய புரதங்களில் யுபிகுயிட்டின் என்ற சிறு புரதத்தைச் சீட்டுப்போல ஒட்டுவது கலத்தின் வழக்கம். அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2004இல் வேதியியல் நோபல் கொடுக்கப்பட்டது. அதே சீட்டு பழுதான இறைபோசோமிலும் ஒட்டப்படுகிறது. சின்னப் பாகத்தில் அந்தச் சீட்டு எந்தப் புரதத்தில், எந்த ஒழுங்கில் ஒட்டப்படுகிறது என்பதைத் தொஷிஃபுமி இனாடாவின் குழு 2019இல் விளக்கியது. முதலில் ஒரு நொதியம் ஒரேயொரு சீட்டை வைக்கிறது. பிறகு வேறு நொதியங்கள் வந்து அதன்மேல் அடுக்குகின்றன. ஒரே தடவையில் முடிவெடுப்பதில்லை.

2022இல் அதே குழு பஸ் கேள்விக்கும் ஒரு விடை தந்தது. றோட் உடைந்தால் பின்னால் வருகிற பஸ்களும் வந்து முட்டி வரிசையாக நிற்கும். கலத்தில் இந்த முட்டலை உணர்வதற்குத் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் பஸ் பழுதென்றால், அது ஸ்டாண்டிலிருந்து வெளிக்கிடும்போதே தனியாக நின்றுவிடும். பின்னால் முட்ட ஆள் இல்லை. அப்படித் தனியாக நிற்கிற இறைபோசோமைக் கண்டுபிடிப்பது ஃபாப்1 என்ற புரதம். தூது ஆர்.என்.ஏ. உள்ளே நுழைகிற வாயிலையும் வெளியே வருகிற வாயிலையும் அது ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது. இழை நகருகிறதா இல்லையா என்று நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி.

இது மதுவத்தோடு முடிகிற கதை இல்லை. சிக்கி நிற்கும் இறைபோசோமின் சின்னப் பாகத்தில் இதே மாதிரிச் சீட்டு ஒட்டும் ஆர்.என்.எஃப்.10 என்ற நொதியம் மனிதக் கலங்களிலும் வேலை செய்வது 2021இல் தெரியவந்தது.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

இந்தக் கேள்வி எங்களுக்குள்ளேயே வந்தது. இறைபோசோம் சம்பந்தப்பட்ட நோய்கள் இருக்கின்றன என்பது ஒரு பதில். என்பு மச்சையில் செங்குருதிக் கலங்கள் போதியளவு உருவாகாமல், குழந்தைப் பருவத்திலேயே கடுமையான குருதிச்சோகையைக் கொண்டுவரும் டயமண்ட்-பிளாக்ஃபன் நோயை 1938இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தார்கள். காரணம் இறைபோசோமின் ஒரு புரதத்துக்கான பரம்பரையலகில் இருக்கலாம் என்று தெரிய 1999 வரை காத்திருக்கவேண்டி வந்தது.

மெலிசா மூரே இன்னொரு பதில். ஆர்.என்.ஏ. கலத்துக்குள் எப்படி உருவாகிறது, எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது, எப்படிச் சாகிறது என்பதுதான் அவருடைய நீண்டநாள் கேள்வி. 2016இல் அவர் மொடேர்னா நிறுவனத்துக்குப் போனார். நாலு வருடத்தில் உலகமே அந்தப் பெயரை உச்சரித்தது. பழுதான இறைபோசோமை ஆராய்ந்ததால்தான் கொவிட் தடுப்பூசி வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் தூது ஆர்.என்.ஏ.யை மருந்தாக ஊசியில் ஏற்றும் நாள் வந்தபோது, அதன் வாழ்வையும் சாவையும் வருடக்கணக்கில் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் படிக்கத் தொடங்கியபோது 'இதால என்ன பிரயோசனம்' என்று கேட்டு மறித்திருந்தால், அந்த நாளில் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. இதை எழுதாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை. 'பழுதானதை இயற்கையே கழித்துவிடுகிறது' என்ற வசனம் ஆய்வுகூடத்துக்குள் ஒரு உண்மை. வெளியே வந்தால் ஆபத்து. ஷோன்ஹைமர் நாட்டைவிட்டுப் போன அதே 1933இல், பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று முத்திரை குத்தியவர்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டத்தை நாசி ஜெர்மனி கொண்டுவந்தது. உயிரியலின் சொற்களைத்தான் அதற்கும் துணைக்கு அழைத்தார்கள். உடலில் எதுவும் நிலையானதில்லை என்று காட்டிய மனிதரையே தங்களுக்கு வேண்டாதவர் என்று தள்ளிவைத்த நாடு அது. இறைபோசோம் ஒரு பொருள். அதற்குப் பிறப்புரிமை இல்லை, அதை நினைத்து அழ ஒரு தாயும் இல்லை. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது கலத்திலிருந்து உதாரணம் எடுப்பவர்களை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கவேணும்.

இனி எப்போதாவது தம்பியோ தங்கச்சியோ கலத்தின் படம் கீறிக்கொண்டிருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்தப் புள்ளிகளில் ஒன்றைக் காட்டி, 'இது பழுதாப் போனா என்ன நடக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். வினாத்தாளில் இதற்குப் புள்ளி கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.